ஒரே பானைச் சோறு, இரண்டு எடை

முதலில் மன்னித்துவிடுங்கள். ஜிம்மில் வேலை பார்த்தவள் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் ஜிம்மின் பெண்கள் பிரிவில் நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். முழங்கால் தேய்ந்து வேலையை விட்டுவிட்ட என்னை உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னது வசந்தி. உங்களுக்கு அவள் வசந்தி மேடம். “சரோக்கா, நீ பேச மாட்ட, எழுதவாவது செய்” என்றாள். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு எப்போதும் வயிறு எரிந்திருக்கிறது. இதை எழுதும்போதும் எரிகிறது. அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் சொல்ல வருவது, ஒருவர் சேர வந்த அன்றைக்கு நாம் போடுகிற மதிப்பீட்டைப் பற்றி. அவருடைய உடம்பு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி செலவழிக்கிறது என்று ஓர் எண் போடுகிறோம் இல்லையா, அது. அதற்குக் குறைவாகச் சாப்பிட்டால் இளைப்பார், கூடுதலாகச் சாப்பிட்டால் பெருப்பார். வயது, உயரம், எடை மூன்றையும் கொடுத்தால், சும்மா படுத்திருந்தாலும் ஆகிற செலவைப் போனே சொல்லிவிடும். அதற்கு மேல் அவர் நாள் முழுவதும் என்ன வேலை செய்கிறார் என்று ஓர் அளவைச் சேர்க்க வேண்டும். அதைப் போன் கேட்கும். பதில் நாம்தான் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் கோளாறு அந்த இடத்தில்தான்.

நம் பக்கத்து மனிதர்களிடம் “என்ன வேலை செய்றீங்க” என்று கேட்கக் கூடாது. ஆண்களைக் கேட்டால் “விவசாயம்” என்பார்கள். பெண்களைக் கேட்டால் “சும்மாதான் இருக்கேன்” என்பார்கள். இரண்டையும் நம்பாதீர்கள்.

கெடார் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் காலை நேரத்தில் நம் விழுப்புரம் ஜிம்முக்கு வந்துகொண்டிருந்தார். சொந்த நிலம், கரும்பும் நெல்லும். விவசாயம் என்று சொன்னார், நான் கடின உழைப்பு என்று அளவு போட்டேன். எடை இறங்குவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் அவர் ஜிம் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அப்போது என்னைப் போலவே அங்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த வசந்தி பக்கத்தில் போய் நின்றாள்.

“ஏன் மாமா, நாத்து நடறது நீயா?”

“நானா? ஆளுங்க நடுவாங்க.”

“அறுக்கிறது?”

“மிஷினு.”

“தண்ணி கட்றது?”

“போன்ல அமுத்துனா மோட்டாரு ஓடுது.”

“அப்ப நீ என்னாதான் மாமா பண்ற?”

“வரப்பாண்ட வண்டிய நிறுத்திக்கினு பாத்துக்கினு இருப்பேன்.”

“பாக்கறதுக்கெல்லாம் இவ்ளோ சோறு கெடையாது மாமா. கண்ணு மட்டுந்தான வேலை செய்யுது.”

எல்லாரும் சிரித்தார்கள். அவர்தான் அதிகமாகச் சிரித்தார். அதே கேள்வியை நான் கேட்டிருந்தால் அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார். ஒரே கேள்வி, ஒரே மனிதர். அவள் வாயிலிருந்து வந்தால் வேடிக்கை, என் வாயிலிருந்து வந்தால் விசாரணை. இதை நான் எங்கே போய்ச் சொல்வது?

அவளுக்கு உடம்பும் அப்படியே வாய்த்திருந்தது. மத்தியானம் முட்டை பரோட்டா, சாயங்காலம் போண்டா. ஒரு சுற்றுகூடப் பெருக்க மாட்டாள். திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்த எனக்கு, மயிலம் ஸ்டேஷன் தாண்டியதும் வேறு வேலை இல்லை. அவளுடைய ஒரு நாள் செலவு எவ்வளவு இருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். எப்படிப் போட்டாலும் ஒத்துவராது. பேச்சுக்கு எவ்வளவு சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் கார்த்திகையில் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். தை பிறந்ததும் திண்டிவனத்தில் பெண்களுக்கென்று தனியாக ஒரு கிளை திறக்கப்போகிறோம், உங்களில் ஒருவர்தான் அதற்குப் பொறுப்பு என்றார். “ரெண்டு பேரு ஆளுங்களும் எப்படி எறங்குறாங்க, எத்தினி பேரு வுட்டுட்டுப் போவாம நிக்கிறாங்கன்னு பாத்துட்டுச் சொல்றேங்கா” என்றார்.

திண்டிவனம் என் ஊர். என் வீட்டிலிருந்து அந்தப் புதுக் கட்டடம் நடந்து போகும் தூரம். முழங்கால் அப்போதே வலிக்கத் தொடங்கியிருந்தது. விழுப்புரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி இறங்குவது எனக்கு எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத்தான் தெரியும். வசந்திக்கு விழுப்புரத்திலேயே வீடு, ஸ்கூட்டி, பேசுவதற்கு ஊர் நிறைய ஆள். அவளுக்குத் திண்டிவனம் எதற்கு? கேட்டேவிட்டேன். “பொறுப்புன்னா யாருக்குத்தான்கா கசக்கும்” என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் காணை கிராமத்திலிருந்து ஓரகத்திகள் இருவர் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் தம்பிகளைக் கட்டியவர்கள், ஒரே வீடு. மூத்தவள் செல்வி, இளையவள் கவிதா. கவிதா ஸ்கூட்டியை ஓட்ட, செல்வி பின்னால் உட்கார்ந்து வருவாள். முதலாளி மூத்தவளை என்னிடமும் இளையவளை வசந்தியிடமும் விட்டார். வேண்டுமென்றுதான் செய்தார் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

செல்வியிடம் நான் தொழிலைக் கேட்கவில்லை. கெடார்க்காரர் கொடுத்த பாடம். நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவள் தெளிவாகச் சொன்னாள். அந்த வீட்டில் வேலைக்கு முறை உண்டு. ஒருத்திக்கு ஒரு வாரம் அடுப்பு, மறு வாரம் மாடு. அடுப்பு என்றால் சமையல், பாத்திரம், துணி. மாடு என்றால் சாணி வாருவது, புல் அறுத்து வருவது, தண்ணீர் காட்டுவது, பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோவது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, முறை தாண்டி ஒரு டம்ளர்கூட அடுத்தவளுக்காகக் கழுவ மாட்டார்களாம். அதனால் வந்த சண்டைகளும் நிறைய. வயதும் உயரமும் எடையும் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேலையும் ஒன்று. நான் போட்ட எண்ணும் வசந்தி போட்ட எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. என் மதிப்பீடு சரியானது. அன்றைக்கு அது சரியானது.

திங்கட்கிழமை திங்கட்கிழமை எடை பார்ப்போம். எல்லோருக்கும் நடுவில்தான் அந்தத் தராசு. முதல் திங்கள் இருவருக்கும் இறங்கியது. அதற்கடுத்து கவிதாவுக்கு இறங்கியது, செல்விக்கு நின்றது. அதற்கும் அடுத்து கவிதாவுக்கு இன்னும் இறங்கியது, செல்விக்கு ஒரு பொட்டு ஏறியது. வசந்தி கை தட்டினாள். மற்ற பெண்களும் தட்டினார்கள். முதலாளி கதவோரமாக நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

செல்வி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஒரே பானைல சோறு மேடம். அவளுக்கு எறங்குது, எனக்கு நிக்கிது. மிஷின்ல கோளாறா, உங்ககிட்ட கோளாறா?”

“சாப்பாட்டுல எதுனா மாத்துனீங்களா?”

“நீங்க சொன்னதத்தான் துன்றேன். மல்லாட்டைகூட எண்ணித் துன்றேன். மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசைக்குப் போனப்பகூட வழில வடை வாங்கல. அவ வாங்கித் துன்னா. என் கண்ணு முன்னாடி துன்னா மேடம்.”

“கொஞ்சம் பொறுங்க.”

“பொறுத்துக்கினேதான இருக்கேன். அந்த நம்பர இன்னும் கம்மி பண்ணுங்க. காலைல கேப்பைக் கூழையும் நிறுத்திடறேன். இல்லன்னா சொல்லுங்க, நான் அந்த மேடத்துக்கிட்டயே போய்க்கிறேன்.”

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஆள் இளைக்கவில்லை என்றால் எண்ணைக் குறைப்பதுதான் சுலபம். ஒரு நிமிஷ வேலை. அடுத்த திங்கள் தராசு இறங்கும், எல்லோரும் கை தட்டுவார்கள், முதலாளி பார்ப்பார். எனக்கு அந்தக் கைதட்டல் அவ்வளவு வேண்டியிருந்தது. ஆனால் காரணம் தெரியாமல் எண்ணைக் குறைத்தால், நாம் அவள் உடம்பை மதிப்பிடவில்லை, நம் அவசரத்தைத்தான் மதிப்பிட்டிருக்கிறோம். மாட்டையும் பார்த்துக்கொண்டு புல்லுக்கட்டும் சுமக்கிற பெண் கூழையும் நிறுத்தினால் வரப்பில் மயங்கி விழுவாள். எண் தப்பில்லை, சாப்பாடு தப்பில்லை என்றால், வீட்டில் ஏதோ மாறியிருக்கிறது. அதைப் போய்ப் பார்க்காமல் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு வாரம் கழித்துச் சொல்கிறேன் என்றேன்.

அழைக்காத வீட்டுக்குப் போவது என்பது எனக்கு ஊசி போட்டுக்கொள்வது மாதிரி. இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்துக்கு வந்து காணை பஸ் ஏறினேன்.

வீட்டு முன்னால் வேப்பமர நிழலில் செல்வி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைத்துக்கொண்டிருந்தாள். போனில் ஏதோ சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளிருந்து வந்த மாமியார் எனக்கு மோர் கொடுத்தார்.

“இந்த வாரம் உங்களுக்கு அடுப்பா, மாடா?” என்று கேட்டேன்.

செல்வி சிரித்தாள். “அதெல்லாம் இப்ப இல்லீங்க மேடம். எங்க சின்னவ என்னைத் தாங்குறா. யக்கா நீ குந்து, நான் பாத்துக்கறேன்னுட்டு எல்லாத்தயும் அவளே இழுத்துப் போட்டுக்கினு செய்றா. ஜிம்முக்குப் போவ ஆரம்பிச்சதுலருந்து புத்தி வந்துடுச்சி போல.”

மாமியார் சேர்ந்துகொண்டார். “ரெண்டும் ஒரு வெளக்கமாத்துக்கு அடிச்சிக்கினு கெடந்ததுங்கம்மா. இப்ப பாரு, பெரியவளை ஒரு துரும்ப எடுக்க வுட மாட்டேங்கறா சின்னவ. அந்த அங்காளம்மனாண்ட வேண்டிக்கினது வீணாப் போவல.”

மாட்டுக் கொட்டகைப் பக்கமிருந்து கவிதா வந்தாள். தலையில் புல்லுக்கட்டு, இடுப்பில் காலிக் குடம். என்னைப் பார்த்ததும் கட்டை இறக்கவில்லை. அப்படியே நின்றாள். அவள் முகத்தில் நான் பார்த்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. தினமும் ரயில் ஜன்னல் கண்ணாடியில் நான் பார்த்துவந்த முகம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை வருஷமும் வேலையை அடுத்தவள் தலையில் தள்ளப் பார்த்த வீட்டில், ஒருத்தி மற்றவளின் வேலையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருக்குச் சரிபாதியாக இருந்த செலவு முழுவதும் இப்போது ஒரே உடம்பில். இன்னொருத்தி அதைப் பாசம் என்று நினைத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சொன்ன பட்டினியை ஒழுங்காக இருந்துகொண்டு.

அங்கே நான் வாய் திறக்கவில்லை. கூச்சத்தால் இல்லை. அந்த மாமியார் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து.

பஸ் நிறுத்தம் வரை கவிதாதான் கூட வந்தாள். பாதி வழியில் நின்றாள்.

“கண்டுபுடிச்சிட்டீங்க இல்ல?”

“ம்.”

“அவங்ககிட்ட சொல்லிடாதீங்க மேடம். நான் இந்த வூட்டுக்கு வந்த நாள்லருந்து பெரியவளப் பாரு, பெரியவளப் பாருன்னுதான் கேக்கறேன். கொழம்பு வச்சா பெரியவ கை. கோலம் போட்டா பெரியவ கை. எடை ஒண்ணுலதான் நான் முன்னாடி போறேன்.”

“யாரு யோசனை இது?”

“வசந்தி மேடம் சொன்னாங்க. இங்க வந்து ஓடறது கொஞ்சந்தான், வூட்லதான் நெறய செலவாவுது, கெடைக்கற வேலையெல்லாம் நீயே எடுத்துக்கோன்னாங்க.”

வசந்தி அதைப் பொதுவாகச் சொன்னாளா, செல்வி என் ஆள் என்பதை நினைத்துச் சொன்னாளா? இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பாள்.

பஸ்ஸிலும் பிறகு ரயிலிலும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். முதலாளியிடம் போய் இதைச் சொன்னால் போதும். கவிதாவின் இறக்கம் வசந்தியின் திறமை இல்லை, செல்வியின் வேலை என்று ஆகிவிடும். திண்டிவனம் எனக்கு. ஆனால் செல்வி என்னிடம் கேட்டது அவள் உடம்பைப் பற்றி. கவிதாவின் உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நம் வேலையில் வீடுகளின் உள்ளே நடப்பது நம் காதுக்கு வந்துகொண்டே இருக்கும். எந்த உடம்பு நம்மிடம் வந்ததோ அதைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

திங்கட்கிழமை எடை பார்ப்பதற்கு முன்பே செல்வியை ஓரமாக அழைத்துச் சொன்னேன்.

“நீங்க சேரும்போது சொன்ன வேலைக்கு நான் போட்ட கணக்கு சரி. ஆனா நீங்க இப்ப ஒக்காந்துட்டீங்க. ஒக்காந்திருக்கற உடம்புக்கு அந்தச் சோறு அதிகம். ரெண்டு வழி இருக்குது. சோத்தக் கொறைக்கலாம். இல்லன்னா உங்க மொறைய நீங்க திரும்ப எடுத்துக்கலாம். நான் ரெண்டாவதத்தான் சொல்லுவேன்.”

செல்வி என்னையே பார்த்தாள். பிறகு தராசுப் பக்கம் பார்த்தாள். அங்கே கவிதா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் அவள் பெயரைச் சொல்லவே இல்லை. ஆனால் மாட்டையும் அடுப்பையும் வாரம் வாரமாகப் பங்கு போட்டு வாழ்ந்தவளுக்குக் கணக்கு தெரியாதா?

“அப்ப அவ என்னைத் தாங்கல,” என்றாள் மெதுவாக. “என் வேலையத் துன்னுக்கினு இருந்திருக்கா.”

“அப்படிச் சொல்லாதீங்க.”

“யக்கா குந்து, யக்கா குந்துன்னு. தெருவுல எல்லாருகிட்டயும் பெருமையாச் சொல்லிக்கினு திரிஞ்சனே மேடம்.”

சண்டை வரும் என்று நினைத்தேன். செல்வி நேராகக் கவிதாவிடம் போனாள்.

“சொசைட்டிக்கு நாளைக்கு நான் போறேன். சாணியும் நான்தான் வாருவேன். கூடைல கைய வச்சிப் பாரு.”

“இந்த வாரம் என் மொறைக்கா. வேலையெல்லாம் நீயே எடுத்துக்கோன்னு வசந்தி மேடந்தான் சொன்னாங்க.”

“என்னா மொறை? எத்தினி வாரம் என்னுத எடுத்துக்கின? அத்தினியும் கொடு.”

“அப்ப அடுப்பு?”

“அதயும்தான் எடுத்துக்குவேன்.”

வேலை செய்யமாட்டேன் என்று அடித்துக்கொள்கிற ஓரகத்திகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை எனக்குத்தான் என்று அடித்துக்கொண்டவர்களை அன்றுதான் பார்த்தேன். மற்ற பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். சத்தம் கேட்டு முதலாளி வந்தார்.

“என்னா பேஜாரு இது? என்னா ஆச்சு?”

எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எல்லாம் தானாக வெளியே வந்துவிட்டது. செல்வியே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்காலியில் உட்காரவைத்தது, வேலையை எடுத்துக்கொண்டது, வசந்தி மேடம் சொன்ன யோசனை, நான் வீட்டுக்கே வந்து பார்த்துக் கண்டுபிடித்தது. ஒன்றையும் விடவில்லை. முதலாளி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். திண்டிவனம் கட்டடத்தின் பச்சைக் கதவு என் கண்ணில் வந்து போனது.

“அதனால சொல்றேங்க,” என்று செல்வி முடித்தாள். “இந்த மேடம் நல்லவங்கதான். வூட்டாண்ட வந்து பாத்தாங்க, கும்புடறேன். ஆனா அந்த மேடம் இருக்காங்களே, வூட்ல இருந்த வேலைய வச்சே அவளுக்கு எறக்கிட்டாங்க. எனக்கும் அந்த மாதிரி யோசனை வேணும். என்னை அவங்ககிட்ட மாத்தி வுடுங்க.”

வசந்தி என்னைப் பார்த்தாள். முதல் முறையாக அவள் சிரிக்கவில்லை. “வேணாங்கா, நீங்க சரோக்காகிட்டயே இருங்க” என்று செல்வியிடம் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது. செல்வி கேட்கவில்லை. முதலாளி, ஆள் விட்டுப் போகாமல் நின்றால் போதும் என்பது போல, சரி என்றுவிட்டார்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். மதிப்பீடு போட்ட அன்றைக்குத்தான் சரி. வீடு மாறும், முறை மாறும், ஒருத்தி உட்காருவாள், இன்னொருத்தி எழுவாள். எண்ணைத் தொடுவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். அதனால் உங்களுக்கு நன்மை வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

மறுநாள் செல்வி தனியாகப் பஸ்ஸில் வந்தாள், கவிதா ஸ்கூட்டியில் வந்தாள். மத்தியானம் முதலாளி திண்டிவனம் கிளையின் சாவியை வசந்தியிடம் கொடுத்தார். சாயங்காலம் நான் மேம்பாலம் ஏறி இறங்கி ரயிலைப் பிடித்தேன்.